'எப்போதும்' என்னும் சொல்லும் மட்டக்களப்பு வாவியும்

"வாவியில் மீன்கள் எப்போதும் பாடுவதில்லை" என்னும் தொடரை ஆங்கிலத்தில் எழுதப் புகும் மாணவன் இருவேறு பொருள்களுக்கிடையே நிற்கின்றான். ஒருபோதும் பாடுவதில்லை என்பது கருத்தாயின் 'நெவர்'. சில வேளைகளில் மட்டுமே பாடும் என்பதாயின் 'நொட் ஒல்வேய்ஸ்'. தமிழில் சூழலும் அழுத்தமும் உணர்த்தும் இவ்வேறுபாட்டை ஆங்கிலம் சொல்லாலேயே வரையறுக்கின்றது. இஃது இலக்கண நுட்பம் மாத்திரமன்று. வரலாற்றுச் சான்றைப் பேணுதலும் இதிற் தங்கியுள்ளது.

மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி, 1814 இல் வந்த மெதடிஸ்த மிசனறி வில்லியம் ஓல்ற் என்பாரின் பணியோடு வேரூன்றியது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தாரெனினும், அவர் தொடங்கிய பணி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இப்பிரதேசப் பாடசாலைகளிலே ஆங்கிலம் பயின்று, இருமொழிப் புலமையால் தமிழாராய்ச்சிக்கு வளஞ் சேர்த்தார். 1960 முதல் இலங்கைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் தாய்மொழிப் போதனை இடம்பெற்றது. உயர்கல்வி பலர்க்கும் உரியதாயிற்று. எனினும் ஆங்கில மூலங்களை நுணுகி வாசிக்கும் தேவை நீங்கிவிடவில்லை.

அத்தகைய மூலங்களுள் ஒன்று, குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட 'சிலோன்' என்னும் நூல். 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த அவர், இரவில் தோணியிற் சென்று வாவியின் ஓசையைக் கேட்டார். வறண்ட பருவத்தில் மட்டுமே அது கேட்கும். மழைவெள்ளம் பெருகின் ஓய்ந்துவிடும் என அவ்வூரவர் கூறியதையும் பதிந்தார். இச்சான்றின் உயிர்நாடியே நிகழ்வின் அடிக்கடித் தன்மைதான். இதனை எடுத்தெழுதுவோன் 'ஒல்வேய்ஸ்' என்றால் ஊரவரின் பருவ அறிவு அழிகின்றது. 'நெவர்' என்றால் நிகழ்வே அழிகின்றது.

சொல்லைத் தெரிந்தாற் போதாது. அதன் இடமும் அறியப்பட வேண்டும். இச்சொற்கள் பொதுவாக முதன்மை வினைக்கு முன்னரும், 'இஸ்', 'ஆர்' போன்ற வினைகளுக்குப் பின்னரும், துணைவினை இருப்பின் முதலாவது துணைவினையை அடுத்தும் வரும். 'சம்ரைம்ஸ்' வாக்கியத்தின் முதலிலும் இறுதியிலும் வரலாம். 'ஒல்வேய்ஸ்' பெரும்பாலும் அவ்வாறு வருவதில்லை. தமிழின் நெகிழ்ச்சியான சொல்லொழுங்கிற் பழகியோர் இங்கேயே இடறுகின்றனர்.

வாவியின் கதையை உலகுக்கு எழுதும் பொறுப்பு இன்று நம்முடையது. எத்துணை முறை நிகழ்ந்தது என்பதை அளந்து எழுதுவோனே, நிகழ்ந்ததை உள்ளவாறு உரைப்பவனாவான்.