முத்தினும் அரிய பொழுது

தமிழகத்தின் தென்கடலுக்கு உலக வரலாற்றில் ஓர் இடத்தைத் தேடித் தந்தது முத்து. கொற்கைத் துறையில் எடுத்த முத்தைப் பாண்டியர் அணிந்தனர். யவனர் வாங்கிச் சென்றனர். உரோமாபுரிச் சீமாட்டிகள் பூண்டு மகிழ்ந்தனர். இதனைக் கூறும் நூல்கள் பல. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. முத்தை அணிந்தவர் பெற்ற மகிழ்ச்சியை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. முத்தை எடுத்தவர் எதில் மகிழ்ந்தார்? அவருடைய அன்றாட வாழ்வில் இன்பம் எங்கே இருந்தது? தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாற்றை இவ்வினாவோடு ஒருமுறை புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் முத்தை அணிந்தவரைப் பார்ப்போம். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோமானிய அறிஞர், லோலியா பாலினா என்ற சீமாட்டியைத் தாம் நேரில் கண்டதாக எழுதுகிறார். அவர் சென்றிருந்தது பெரிய அரச விழா ஒன்றும் அன்று. ஒரு திருமண நிச்சய விருந்து. அதற்கே தலையிலும் காதிலும் கழுத்திலும் விரல்களிலும் மரகதமும் முத்துமாக 4 கோடி செஸ்டர்ஸ் பெறுமான அணிகளை அவர் பூண்டிருந்தாராம். ஆடம்பரப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் உரோமாபுரியை விட்டுக் கீழைநாடுகளுக்குச் செல்கிறதே என்றும் பிளினி வருந்துகிறார். இத்தனை செலவிட்ட பின்னும் அம்மாதர் மனநிறைவு பெற்றனர் என்று அவர் எழுதவில்லை.

இனி, முத்தை எடுத்தவரைப் பார்ப்போம். அதே நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளுஸ் என்னும் கடல்வழி நூல், கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறது. அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளே கடலில் மூழ்கி முத்தெடுத்தனர் என்பது அச்செய்தி. ஒருவர் காதில் அழகாக ஆடிய முத்து, மற்றொருவருக்குத் தண்டனையாக இருந்தது! பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ வேறொரு காட்சியைத் தருகிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு; சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. அம்மந்திரக்காரர் பிற்காலத்தில் கடல்கட்டி எனப் பெயர் பெற்றனர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலோ, மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போயிற்று. மூழ்கியவருக்கு எஞ்சியது ஒரு பங்கே.

அந்த ஒரு பங்கிற்காக அவர் பட்ட பாடு எளிதன்று. பின்னிரவில் கரைக்காற்று வீசும்போது தோணிகள் புறப்படும். விடியும் வேளையில் பார் என வழங்கும் சிப்பித் திட்டுகளை அடையும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் காலூன்றி, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே இருக்கும் துணைவர் இழுத்துத் தூக்குவார். மூழ்குபவரின் உயிர் அத்துணைவரின் கையில் இருந்தது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும். அக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் கரை திரும்பும். இவ்வாறு கொண்டு வந்த சிப்பிகளிலும் பெரும்பாலானவை முத்தற்றவை. சில ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடக்கும். பல ஆண்டுகள் நடக்கவே நடக்காது. ஆகவே, முத்தை நம்பி மகிழ்ந்திருப்பதென்றால், பரதவரும் கீழக்கரை முஸ்லிம் குளியாட்களும் வாழ்நாளிற் பெரும்பகுதியை மகிழ்ச்சியின்றியே கழித்திருக்க வேண்டும்.

அவ்வாறு அவர்கள் கழிக்கவில்லை. இக்கரை மக்களின் இன்பத்திற்கு வேறு ஊற்றுகள் இருந்தன. அவற்றுள் முதலாவது உணவு. கடல் தந்த சாளையும் நெத்திலியும், கரிசல் தந்த கம்பும் சோளமும் ஏழையின் வயிற்றையும் நிறைத்தன. செம்மண் தேரியிலே ஓங்கி நிற்கும் பனை, ஆண்டின் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு விருந்து வைத்திருந்தது. தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு; வெயில் ஏறும்போது பதநீரும் நுங்கும்; பின்னர்ப் பனம்பழம்; ஆண்டு முழுமைக்கும் கருப்பட்டி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் புளியாமல் இறக்கிய பதநீரை, மடித்த ஓலைப்பட்டையில் ஏந்திக் காலை இளங்காற்றில் பருகுவது போன்ற சுவை எந்த விலையுயர்ந்த பானத்திலும் இல்லை என்பது என் துணிபு. பருகியபின் கழுவி வைக்க வேண்டிய பாத்திரமும் இல்லை! எனினும், அந்தச் சுவைக்காக ஒருவர் காலையிலும் மாலையிலும் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குகிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது ஊற்று, திறந்த வெளி. மாலையில் கடற்காற்று வீசும் மணலில் வலை பின்னுவோரும், கதை பேசும் முதியோரும், ஓடி விளையாடும் சிறுவரும் கூடுவர். அதற்குக் கட்டணம் இல்லை. மூன்றாவது, ஓய்வு நாளும் திருநாளும். பரதவர் 1536ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமல் இருக்கும் வழக்கம் அவர்கள் ஊர்களில் நெடுநாளாக உண்டு. ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதாவின் திருவிழாவிற்குத் தூத்துக்குடியில் எல்லாச் சமயத்தாரும் திரள்கின்றனர்.

உணவு, காற்று, ஓய்வு என்னும் மூன்றில் இறுதியானது இல்லையேல் முதலிரண்டும் பயனற்றுப் போகும். இதனை இவ்வூர் நன்றாக உணர்ந்த காலம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடியில் நூற்பாலை எழுந்தது. தோணி காற்றைக் கேட்டுப் புறப்பட்டது. ஆலை எவரையும் கேட்கவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளர் விடிந்தது முதல் அந்தி வரை எந்திரத்தின் முன் நின்றனர். கூலி குறைவு, வேலை நேரம் மிகுதி. கடற்காற்று ஆலையின் சுவருக்கு வெளியே வீசிக்கொண்டுதான் இருந்தது. அதனை நுகரத் தொழிலாளருக்குப் பொழுது இல்லை. அனைத்துத் தொழிலாளருக்கும் வார விடுமுறை உண்டு என்று 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூறியிருந்தது. சட்டத்தில் உள்ளதும் கேட்டுப் பெற்றால்தான் கைக்கு வரும் என்னும் நிலை அன்று இருந்தது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், ஆங்கிலேயக் கப்பல் வணிகத்தை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவருக்குத் துணை நின்றவர் சுப்பிரமணிய சிவா. தொழிலாளரின் கோரிக்கைகள் யாவை? கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள். அரசுரிமை கேட்டவர்கள் அல்லர் அவர்கள். ஏழு நாளில் ஒரு நாளைக் கேட்டவர்கள். மனைவி மக்களோடு அமர்ந்து ஒருவேளைச் சோற்றை அவசரமின்றி உண்ணவும், மாலையில் மணலில் காலாற நடக்கவும் தேவையான பொழுதைக் கேட்டவர்கள். ஊர் மக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். ஏறத்தாழ ஒன்பது நாளில் நிருவாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று.

அவ்வெற்றி கிட்டிய சில நாளில், மார்ச்சு 12ஆம் நாள், சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றார். இடைப்பட்ட காலத்தில் கோயமுத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்த வரலாற்றை அறியாத தமிழர் இலர். பிறருக்கு ஓய்வு தேடித் தந்தவருக்குக் கிடைத்தது செக்கு!

இங்கே மாணவர்கள் ஒரு செய்தியைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். சிறைவாழ்வின் காலத்திலேயே சிதம்பரனார், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். மனிதனின் வாழ்வு அவன் எண்ணத்தைப் பொறுத்து அமைகிறது என்பது அதன் கருத்து. மகிழ்ச்சி மனத்தில் உள்ளது என்று நம்பியவர் அவர். அவ்வாறாயின், தொழிலாளரிடம் ‘உள்ளதைக் கொண்டு மனநிறைவு அடையுங்கள்’ என்று உபதேசம் செய்து அவர் நின்றிருக்கலாம் அன்றோ? அப்படிச் செய்யவில்லை. தம் துன்பத்தைத் தாங்க மனவலிமையைத் துணைக்கொண்டார். பிறர் துன்பத்தைத் தீர்க்கப் போராட்டத்தைத் துணைக்கொண்டார். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே எளிய வாழ்வைப் பற்றிப் பேசும் தகுதி உடையவர் என்று நான் கருதுகிறேன்.

பின்னாளில் சட்டமும் மெல்ல மெல்ல நடந்து வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தை நாளுக்கு 12 மணி என வரையறுத்தது. 1922இல் அது 11 மணியாகவும், வாரத்திற்கு 60 மணியாகவும் ஆயிற்று. நாடு விடுதலை பெற்றபின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்று வகுத்தது. நாம் இன்று இயல்பாகத் துய்க்கும் ஞாயிற்றுக்கிழமை, இவ்வாறு படிப்படியாக வந்த செல்வம்.

1961ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெருமளவு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கொற்கையும் கடலை விட்டு விலகி, உள்நாட்டுச் சிற்றூராக நிற்கிறது. கடற்காற்றோ இன்றும் பிற்பகலில் எழுகிறது. பனை முன்போல் அடர்ந்து இல்லை. ஏறுவோரும் குறைந்து வருகின்றனர். இருந்தபோதிலும் பருவத்தில் பதநீர் கிடைக்கிறது. விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கி, வெண்ணிற உப்பின் கூசும் ஒளியில் உழைக்கும் ஆண்களும் பெண்களும் இன்றும் இவ்வூரில் இருக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நல்ல உணவு, நல்ல காற்று, சிறிது ஓய்வு இவற்றில் மகிழக் கற்றுக்கொள்ளுங்கள். அது பெரிய கல்வி. அம்மூன்றும் உங்கள் பக்கத்தில் உழைப்பவருக்கும் கிட்டியிருக்கின்றனவா என்று கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அது அதனினும் பெரிய கல்வி. கொற்கை முத்தை ஆழத்தில் மூழ்கி எடுத்தனர். கோரல் ஆலைத் தொழிலாளர் எடுத்த முத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனை அணிந்துகொண்டிருப்பவர் நாம்.