இடைக்குளிர்விக் குழாய்

இடைக்குளிர்விக் குழாய் என்பது டர்போ பொருத்தப்பட்ட தானுந்துகளில், டர்போவால் அழுத்தப்பட்ட காற்றை இடைக்குளிர்விக்கும் (இன்டர்கூலர்) அங்கிருந்து எஞ்சினுக்கும் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி ஆகும். பட்டறைகளில் இது இன்டர்கூலர் பைப், டர்போ ஹோஸ் என்னும் பெயர்களால் வழங்கப்படுகிறது. உலோகம் அல்லது நெகிழி (பிளாஸ்டிக்) குழாய்களும், அவற்றை இணைக்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ்களும், இறுக்கும் கிளிப்புகளும் இதன் உறுப்புகள். பழுதடைந்த குழாய்க்கு மாற்றாக, வண்டி உற்பத்தியாளர் அல்லாத பிறர் செய்யும் குழாய்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இவற்றின் தரம் பெரிதும் வேறுபடுவதால் தேர்வில் கவனம் தேவைப்படுகிறது.

அமைப்பும் பணியும்

எஞ்சினின் புகைப்போக்கியிலிருந்து வெளியேறும் வளிமத்தின் ஆற்றலால் டர்போ சுழல்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தும்போது காற்று சூடேறுகிறது. மதுரையின் கோடைகாலத்தைப் போல வெளிவெப்பநிலை 40 °செ ஆக இருக்கும்போது காற்றின் அழுத்தம் இருமடங்காக்கப்பட்டால், 70 விழுக்காடு திறனுள்ள டர்போவிலிருந்து வெளிவரும் காற்று ஏறத்தாழ 138 °செ வெப்பநிலையில் இருக்கும். இடைக்குளிர்வி அதனை 70 °செ அளவுக்குக் குளிர்வித்தால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அடர்த்தி கூடினால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிசன் கூடுதலாகக் கிடைக்கும்.

குழாய்த் தொகுதி இரு பகுதிகளைக் கொண்டது.

வெப்பப் பகுதி: டர்போவிலிருந்து இடைக்குளிர்வி வரை உள்ளது. இங்கு வெப்பமும் எண்ணெய்ப் படிவும் மிகுதி.

குளிர்ப் பகுதி: இடைக்குளிர்வியிலிருந்து எஞ்சினின் உள்ளிழு பகுதி வரை உள்ளது. இங்கு வெப்பம் குறைவு. அழுத்தம் ஏறத்தாழ அதே அளவே.

காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குச் செல்லும் குழாய் இத்தொகுதியைச் சேர்ந்ததன்று. அதில் அழுத்தத்திற்கு மாறாக உறிஞ்சுதல் நிகழ்வதால், மெல்லிய ஹோஸ் பொருத்தினால் உள்நோக்கிச் சப்பிவிடும்.

வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905 ஆம் ஆண்டில் டர்போவுக்கான காப்புரிமை பெற்றார். 1962 இல் வெளிவந்த ஓல்ட்சுமொபைல் செட்பயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் தானுந்துகளுள் ஒன்று. அதில் இடைக்குளிர்வி இல்லை. நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் தெளிக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டின் போர்சே 911 டர்போ 3.3 இடைக்குளிர்வியுடன் வெளிவந்தது. தமிழ்நாட்டில் டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னையை அடுத்த பையனூரில் டர்போக்களை உற்பத்தி செய்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் டீசல் வண்டிகளிலேயே மிகுதியாகக் காணப்பட்ட டர்போ, 2017 இல் வந்த டாட்டா நெக்சான், 2019 இல் வந்த ஊண்டாய் வென்யூ போன்ற பெட்ரோல் தானுந்துகளிலும் இடம்பெற்றது.

கசிவின் விளைவுகள்

டீசல் எஞ்சினில் குழாய் கசிந்தால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்காமல் கரும்புகை, இழுவைக் குறைவு, எரிபொருள் விரயம் ஆகியவை ஏற்படும். குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ மிகை வேகத்தில் சுழல நேர்வதால் அதன் ஆயுள் குறையலாம். காற்றின் அளவை உணரி மூலம் அளக்கும் பெட்ரோல் எஞ்சினில், அளக்கப்பட்ட காற்றின் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால் கலவையில் பெட்ரோல் மிகும். கசிவு பெரிதாயின் மின்னணுக் கட்டுப்பாட்டகம் வண்டியின் திறனைத் தானே குறைத்துவிடும்.

மூலப்பொருட்கள்

அலுமினியம்: எடை குறைவு, துருப்பிடிக்காது. 1.5 முதல் 2 மி.மீ. தடிப்புள்ள குழாய் போதுமானது. ஆர்கான் வெல்டிங் தேவைப்படும்.

இரும்பு: விலை குறைவு, வெல்டிங் எளிது. உட்புறம் துருப்பிடித்தால் அத்துகள்கள் நேரே எஞ்சினுக்குள் செல்லும் என்பது குறைபாடு.

நெகிழி: பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுவது. வெப்பத்தால் நாளடைவில் விரிசல் விடலாம். வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கான பி.வி.சி. இதற்கு ஒருபோதும் ஏற்றதன்று. இவ்வெப்பத்தில் அது இளகிவிடும்.

சிலிக்கோன் ஹோஸ்: வெப்பத்தை நன்கு தாங்கும். எனினும் எண்ணெய்ப் படிவால் மென்மையாகி உப்பக்கூடும். ஆகவே வெப்பப் பகுதிக்கு ஃபுளோரோ உட்பூச்சு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துணியடுக்குகள் மூன்றுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வெட்டுமுகத்தில் அடுக்குகளை எண்ணிப் பார்க்கலாம்.

ரேடியேட்டர் ஹோஸ்: அளவு ஒத்திருப்பதால் அவசரத்துக்கு வெட்டிப் பொருத்தப்படுவதுண்டு. இவ்வகை ஹோஸ்கள் பொதுவாக நீருக்கும் குளிர்விப்பு நீர்மத்துக்கும் ஏற்ற ஈ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை, எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். ஊர் சேரும் வரைக்கான தற்காலிகத் தீர்வாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

விட்டம்

விட்டம் பெரிதானால் திறன் கூடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. 1500 கன செ.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் இயங்கும்போது, நொடிக்கு ஏறத்தாழ 50 லிட்டர் காற்று குளிர்ப் பகுதி வழியாகச் செல்கிறது. 51 மி.மீ. உள்விட்டக் குழாயில் அதன் வேகம் நொடிக்கு 25 மீட்டர், 63 மி.மீ. குழாயில் 16 மீட்டர். முதலாவதிலும்கூட, சீரான ஒரு வளைவில் இழக்கப்படும் அழுத்தம் ஒரு பாரில் நூறில் ஒரு பங்கை எட்டாது. எனவே அன்றாடப் பயன்பாட்டு வண்டிக்குப் பெரிய குழாய் வாங்குவது வீண் செலவு. மேலும் ஒரு மீட்டர் நீளத்தில் 51 மி.மீ. குழாய் 2 லிட்டரும் 76 மி.மீ. குழாய் 4.5 லிட்டரும் கொள்வதால், பெரிய குழாயில் அழுத்தம் நிரம்பச் சற்றுக் கூடுதல் நேரமாகும்.

இணைப்புகள்

இத்தொகுதி பெரும்பாலும் இணைப்புகளிலேயே பழுதாகிறது. ஒரு பார் மிகையழுத்தத்தில் 63 மி.மீ. குழாயின் வாயில் ஏறத்தாழ 32 கிலோ எடைக்கு நிகரான விசை செயல்பட்டு, அதனை ஹோஸிலிருந்து பிரிக்க முனைகிறது. இதனைத் தடுக்கக் கீழ்க்காண்பவை தேவை.

குழாய் முனையில் சுற்றிலும் புடைத்த விளிம்பு இருத்தல் வேண்டும். விளிம்பற்ற வழவழப்பான முனை கழன்றுவிடும்.

குழாயின் வெளிவிட்டமும் ஹோஸின் உள்விட்டமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெருக்கிப் பொருத்தினால் மடிப்பு வழியே காற்று கசியும்.

கிளிப் புடைத்த விளிம்புக்கு உட்புறமாக அமைய வேண்டும். துளைகள் உள்ள சாதாரணத் திருகுக் கிளிப் சிலிக்கோனை அறுக்கக்கூடும். டி-போல்ட் கிளிப் சீராக இறுக்கும்.

எஞ்சின் தன் தாங்கிகளின் மீது அசைவதால், எஞ்சினுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையில் நெகிழும் ஹோஸ் இருந்தே ஆக வேண்டும்.

சிக்கனமாகத் தேர்ந்தெடுத்தல்

முழுத் தொகுதியையும் மாற்றுவதற்கு முன் எவ்விடத்தில் கசிகிறது என்று அறிதல் வேண்டும். டர்போவின் உள்ளிழு வாயை அடைத்து, வண்டியின் இயல்பான டர்போ அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் பூசினால் கசிவிடத்தில் குமிழ்கள் தோன்றும். பல நேரங்களில் ஒரு ஹோஸை அல்லது கிளிப்பை மாற்றுவதே போதுமானதாக இருக்கும்.

குழாயின் உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் படிவு காணப்படுவது இயல்பு. எண்ணெய் தேங்கி நின்றால் டர்போவின் அடைப்பையும் எஞ்சினின் மூச்சுக்குழாயையும் சோதிக்க வேண்டும். அதனைச் சரிசெய்யாமல் புதிய ஹோஸ் வாங்கினால் அதுவும் விரைவில் கெடும்.

செலவைக் குறைக்க, குழாயின் பளபளப்பு, நிறம், விட்டம் ஆகியவற்றில் குறைத்துக்கொள்ளலாம். வெப்பப் பகுதி ஹோஸிலும் கிளிப்பிலும் குறைத்தல் ஆகாது. பட்டறையில் புதிதாகச் செய்த குழாயில் வெல்டிங் கசடும் உலோகத் துகளும் எஞ்சியிருக்கும். இவை காற்று வடிகட்டியைக் கடந்த பகுதியில் இருப்பதால், தடையின்றி எஞ்சினை அடைந்து சேதப்படுத்தும். பொருத்துவதற்கு முன் முழுமையாகத் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

மதுரைப் பகுதியில் பயன்பாடு

மதுரைக்கு மேற்கே தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை அமைந்துள்ளது. இவ்வழியே செல்லும் வண்டிகள் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஊர்களைக் கடந்து, போடிநாயக்கனூரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரமுள்ள போடிமெட்டுக்கு ஏறுகின்றன. சமவெளியில் டர்போ முழு அழுத்தத்தை எட்டும் நேரம் குறைவாதலால் தளர்ந்த இணைப்பு வெளிப்படாமல் இருக்கும். மலையேற்றத்தில் எஞ்சினின் சுமை மிகுதி. வண்டியின் வேகம் குறைவாதலால் இடைக்குளிர்விக்கு எதிர்க்காற்றும் குறைவு. ஆகவே ஹோஸ் கழல்வது, வண்டியை ஓரங்கட்ட இடமில்லாத கொண்டை ஊசி வளைவுகளில் நேரக்கூடும். மலைப்பயணத்துக்கு முன் சமவெளியிலேயே கசிவுச் சோதனை செய்துகொள்வது பாதுகாப்பானது. மதுரையில் கே. புதூர், கப்பலூர் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் உள்ளன.

சட்ட நிலை

பழுதான குழாய்க்கு மாற்றாக அதே அளவும் அமைப்பும் உடைய குழாயைப் பொருத்துவது பழுதுபார்ப்பே ஆகும். வண்டியின் திறனைக் கூட்டும் நோக்கில் எஞ்சின் அமைப்பை மாற்றுவது இதனின் வேறானது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியாயின், வெளிக்குழாய் பொருத்துவதற்கு முன் உத்தரவாத விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

டீசல் எஞ்சின்
உள் எரி பொறி
சிலிக்கோன்
நாகமலை புதுக்கோட்டை