கொற்கை: கடல் விலகிப்போன தலைநகர்

கொற்கை, தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்கு அருகே, தாமிரபரணிக்கு வடக்கில் உள்ள சிற்றூர். முற்காலப் பாண்டியரின் துறைமுகமும் முத்துச் சந்தையும் இங்குதான் இருந்தன. மதுரைக்கு முன் இதுவே பாண்டியர் தலைநகர் என்பது மரபு. சிலப்பதிகாரத்திலோ, மதுரை தலைநகராக இருக்கும்போதே, இது பாண்டியர் குலத்து வெற்றிவேற்செழியன் இருந்து ஆண்ட ஊர். அரசிருக்கை மதுரையில் அமைந்த பின்னும், முத்து வருவாயைக் காக்க அரச குடும்பத்தார் ஒருவர் இங்கே இருந்திருப்பார் என்று கொண்டால் இவ்விரண்டும் பொருந்திவிடும். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூஸ் இவ்வூரைக் கொல்கோய் என்கிறது. தண்டனை பெற்ற கைதிகளே அங்கு முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. கொற்கை முத்தின் பெருமை பேசும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

கொற்கை என்றதும் நாம் காணும் படங்கள் வன்னி மரம், வெற்றிவேலம்மன் கோயில், அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் ஆகியவை. இவை ஊரின் அடையாளங்கள். பழைய நகரத்துக்குச் சான்றுகள் அல்ல. மரத்துக்கு 2,000 ஆண்டு என்பது ஊரார் நம்பிக்கை. கோயில் கட்டடங்களோ பிற்காலத்தவை. ஆனால் அக்கசாலை என்ற பெயரை அப்படித் தள்ளிவிட முடியாது: பொன்னணியும் நாணயமும் செய்த இடத்துக்கே அப்பெயர். கல்லைவிடச் சொல் இங்கே பழமையைக் கூடுதலாகக் காத்திருக்கிறது. உறுதியான சான்று மண்ணுக்குள் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டைக் காட்டியது. ஒரு கரித்துண்டு ஒரு நகரத்தை நிறுவிவிடுமா என்று கேட்கலாம். நிறுவாது; அக்காலத்தில் இங்கு மனிதர் வாழ்ந்ததை மட்டுமே அது சொல்லும். நகர வாழ்வைச் சொல்பவை எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், அறுத்த சங்குகள், செங்கல் கட்டுமானம், 2021 அகழாய்வில் வெளிப்பட்ட ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய் ஆகியவை.

கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே கிடக்கும் ஊர் எப்படித் துறைமுகமாகும் என்பது அடுத்த மறுப்பு. இங்கே ஆய்வு செய்து 1877இல் கட்டுரை எழுதிய கால்டுவெல் இதற்கு விடை கூறினார்: ஆறு கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தை மேடாக்கியது, கடல் விலகியது. துறைமுகமும் கடலைத் தொடர்ந்து காயல் என்ற ஊருக்குப் போயிற்று; 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி எழுந்தது. ஆகவே கொற்கையின் தலையாய வரலாற்றுச் சின்னம் இடம் மாறிய கடற்கரையே என்பேன். புகைப்படக் கருவி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துறைமுகம் மறைந்துவிட்டதால், தலைநகரைக் காட்டும் பழைய படம் கிடையாது. அதற்காகப் பழைய படங்கள் வீணாகிவிடா. உழவும் வீடு கட்டுதலும் கரைத்துவிடும் மேடு, குளக்கரை, வயலில் சிதறிய சிப்பி, அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கு இவை யாவும் பழைய படத்தில் நிலைத்திருக்கும். ஆனால் எடுத்த இடமும் ஆண்டும் தெரியாத படம் சான்றாகாது. கொற்கையின் பழைய படம் வைத்திருப்போர் அதன் பின்புறம் அவ்விரண்டையும் இன்றே எழுதிவையுங்கள்.