வலையும் அணுக்களின் பிணைப்பும்

புத்தளம் மாவட்டக் கடலோரத்திலே, உடப்பு மீனவர் கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டவர் அவர்களுடைய அம்பாப் பாடலை எளிதில் மறப்பதில்லை. அப்பாடலுக்குச் செவிசாய்த்த நாம், அவர்கள் கைகளில் இருந்த கயிற்றையும் வலையையும் சிறிது உற்றுநோக்குவோம். உழைப்பின் வரலாறு கருவியின் வரலாறும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வலைகள் பருத்தி, சணல் முதலிய நார்களால் ஆனவை. அவை நனைந்து நனைந்து உக்கின. ஆகவே, மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பதும், வெயிலில் உலர்த்துவதும், பொத்துவதும் மீனவர்க்கு ஓயாத வேலைகளாயின. தென்னந்தும்புக் கயிறோ உப்புநீரை நெடுநாள் தாங்கியது. பருத்தியும் தும்பும் தாவரம் தந்தவையே. பின் ஏன் இந்த வேறுபாடு?

அணுக்கள் இலத்திரன் சோடிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதால் பிணைப்பு உண்டாகிறது என 1916இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் விளக்கினார். இதுவே பங்கீட்டு வலுப் பிணைப்பு. இத்தகைய பிணைப்புகள் தொடர்ந்து நீண்டு மாபெரும் மூலக்கூறுகள் ஆகின்றன என்று 1920இல் ஜேர்மனிய அறிஞர் ஸ்டௌடிங்கர் கூறியபோது, சக அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்தான்.

பருத்தியின் செலுலோசு வெல்ல அலகுகள் கோத்த சங்கிலி. அதன் ஐதரொட்சில் கூட்டங்கள் நீரை ஈர்க்கின்றன. ஈரத்தில் பெருகும் நுண்ணங்கிகள் சங்கிலியைத் துண்டிக்கின்றன. தும்பிலோ செலுலோசுடன் இலிக்னின் மிகுந்துள்ளது. முப்பரிமாணத்தில் குறுக்கும் நெடுக்கும் பிணைந்த அதனை நுண்ணங்கிகள் எளிதில் அவிழ்க்க முடிவதில்லை. 1935இல் அமெரிக்காவில் கரோதர்சு ஆக்கிய நைலோன் மற்றொரு வகை. இழையை இழுத்து நீட்டும்போது அதன் சங்கிலிகள் ஒருதிசையில் அணிவகுக்கின்றன. அவற்றிடையே ஐதரசன் பிணைப்புகள் இறுகுகின்றன. அதனால் உறுதி மிகுகிறது. கடலின் நுண்ணங்கிகளால் அது எளிதில் உக்குவதுமில்லை.

1950களிலும் 1960களிலும் நைலோன் வலை இலங்கைக் கரைகளில் பரவியது. சாயத்தொட்டியின் வேலை ஒழிந்தது. வலையின் ஆயுள் நீண்டது. இது விஞ்ஞானம் தந்த மெய்யான விடுதலை. ஆனால் அவ்வலை ஆலையிற் பிறந்தது; பணம் கொடுத்தே பெற வேண்டியது. முதல் உள்ளவன் வாங்கினான்; இல்லாதவன் கடன்பட்டான், அல்லது பிறர் வலையை இழுத்தான். கரைவலையில் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுப்போர் அனைவர்க்கும் சேர்த்து ஒரு பங்கு என்ற உறவை இழையின் மாற்றம் மாற்றவில்லை.

உக்காமை என்ற நற்பண்பே இன்று கேடாகவும் நிற்கிறது. கடலில் தொலைந்த வலை ஆளின்றியே மீனையும் ஆமையையும் கொல்கிறது. ஒற்றையிழை நைலோன் வலை இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. தடை வேண்டியதே, எனினும் அதன் சுமை முழுவதையும் கடன்பட்ட மீனவன் தலையில் ஏற்றுவது நீதியாகாது.

ஆசிரியர்களே, பங்கீட்டு வலுப் பிணைப்பைக் கற்பிக்கும் நாளில் ஒரு முழத் தும்புக் கயிற்றையும் நைலோன் வலைத் துண்டொன்றையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். பொருளின் பண்பை அதன் அமைப்பு தீர்மானிக்கிறது என்பதை மாணவர் அறியட்டும். அப்பண்பின் பயன் எவரைச் சேரும் என்பதைச் சமுதாயத்தின் அமைப்பு தீர்மானிக்கிறது என்பதையும் அவர்கள் கேட்டறியட்டும்.