யார் கையில் சம்பளம்: ஊவாத் தோட்டங்களும் சூதின் வேட்கையும்

மலையகத்தின் கடன் வரலாற்றைத் 'துண்டு' இல்லாமல் எழுத முடியாது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவனை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக்கொடுத்த தாள்தான் துண்டு. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1924இல், ரயில் பதுளைக்கு வந்தது. துண்டு போயிற்று, கடன் போகவில்லை, கடைக் கொப்பிக்கு இடம் மாறியது. பசறையிலும் நமுனுகுலையிலும் ஹப்புத்தளையிலும் சம்பளம் கைக்கு வருமுன்பே அதன் செலவு கொப்பியில் ஏறியிருந்தது.

எப்போதும் ஒரு தொகை குறைவாகவே இருக்கும் வாழ்க்கையில், ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்ற கனவுக்கு ஈர்ப்பு அதிகம். அந்தக் கனவைச் சட்டம் இரண்டு விதமாகப் பார்த்தது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் சூதாட்ட விடுதிகளையும் சேவற்சண்டையையும் குற்றமாக்கியது. 1930ஆம் ஆண்டின் சட்டமோ குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதற்கு வழி வகுத்தது. நுவரெலியாவில் 1875 முதல் துரைமார் குதிரை ஓட்டி வந்தார்கள் அல்லவா! லயத்துக்குப் பின்னால் சீட்டு விளையாடியவன் பொலிசைக் கண்டு ஓடினான். பந்தயம் கட்டியவன் கனவானாகவே இருந்தான். 1963இல் அமைந்த தேசிய லொத்தர் சபை மூலம் அரசே சீட்டு விற்றது. தமிழில் இந்தச் 'சீட்டு' என்ற சொல்லே வேடிக்கையானது. சூதாடுவதும் சீட்டு, லொத்தரும் சீட்டு, பெண்கள் மாதாமாதம் கட்டிச் சேர்ப்பதும் சீட்டு.

உள்நாட்டுப் பந்தயங்கள் தளர்ந்த பின்னரும் புக்கிக் கடை தளரவில்லை. இங்கிலாந்துக் குதிரைகள் அதற்குத் தீனி போட்டன. அங்கே பிற்பகலில் ஓடும் குதிரை இங்கே மாலை ஆறு, ஏழு மணிக்கு ஓடுகிறது. வேலை முடித்து, மேல் கழுவி, டவுனுக்கு இறங்கும் நேரம் அது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பூமி சுற்றுகிற விதம் அப்படி. ஆனால், சூதின் வேட்கையை அறிந்தவர்கள் இந்தப் பொருத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏனெனில் அந்த வேட்கை வெற்றிடத்தில் பிறப்பதில்லை. ஒரு நேரம், ஒரு தெருமுனை, சட்டைப்பையில் காசு ஆகிய மூன்றும் சேரும்போது 'கை அரிக்கிறது'. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் மனிதனை அதிகம் கட்டிப்போடுகிறது. தோற்றவனோ 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று மறுபடி போகிறான். இதை ஒழுக்கக் கேடு என்றே உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல்தான் இதைத் தன் கையேட்டில் நோயாகச் சேர்த்தது. 2013இல் மது, போதைப் பழக்கங்களின் வரிசையில் வைத்தது.

சிகிச்சையின் வரலாற்றிலும் தண்டனையின் வாடை இருந்தது. 1983இல் அவுஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இரண்டு முறைகளை ஒப்பிட்டது. ஒன்றில், சூதைப் பற்றிய வரிகளை வாசிக்கும்போது நோயாளிக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மற்றதில், உடலைத் தளர்த்திப் படுக்கவைத்து, பந்தயக் கடை வாசலில் நிற்பதாகவும் பிறகு கட்டாமல் திரும்பி நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். வேட்கையை அதிகம் தணித்தது இரண்டாவது முறையே. அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் வேட்கையை அலைக்கு ஒப்பிட்டார். அது எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். அதுவரை அதன்மேல் மிதந்திருக்கப் பழக வேண்டும் என்றார்.

அலை இறங்கும்வரை கையில் காசு இருக்கக் கூடாது என்பது இன்று ஆலோசகர்கள் சொல்லும் எளிய விதி. சம்பளத்தை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கடன் முழுவதையும் உறவினர் ஒரேயடியாக அடைத்துவிடக் கூடாது என்றும் சொல்வார்கள். அடைத்தால் புதிதாகத் தொடங்கத் துணிவு வந்துவிடும்.

தோட்டத்தில் இந்த விதி தலைகீழாக நிற்கிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1984வரை அவர்களின் நாட்சம்பளம் ஆண்களுடையதைவிடக் குறைவு. சமமான பிறகும், மனைவியின் சம்பளத்தைக் கணவனும் மகளின் சம்பளத்தைத் தகப்பனும் போய் வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் தொடர்ந்தது. அவள் மலையில் நிற்பாள், அவன் வரிசையில் நிற்பான். ஆகவே சூதாடியின் கையில் அந்த நாளில் இருந்தது ஒரு சம்பளமல்ல, இரண்டு. வேட்கை மூளையில் இருக்கிறது என்று மருத்துவம் சொல்வது சரிதான். ஆனால், அதற்குத் தீனி இங்கே சம்பளம் வாங்கும் வரிசையிலிருந்தும் வந்தது.

2025இல் நாடாளுமன்றம் பழைய சட்டங்களுக்குப் பதிலாகச் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. இதற்கிடையில் புக்கிக் கடை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. அந்தத் தெருவால் போகாதே என்ற அறிவுரைக்கு இனித் தெருவே இல்லை. எனவே காசை யார் வைத்திருப்பது என்ற கேள்வியின் எடை கூடுகிறது. மனைவியிடம் கொடு என்று சொல்லும் ஆலோசகர், இரவில் அவன் திருப்பிக் கேட்டால் அவளால் மறுக்க முடியுமா, அடி விழுமா என்பதையும் அவளைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். முடியாதென்றால் அவளுடைய தமையனோ மூத்த மகளோ அந்தக் காசை வைத்திருக்கலாம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: போன மாதம் அவள் பெயருக்கு நேரே கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கியது யார்?