துளையிட்ட சுடுமண் வில்லை

எம் பங்கு இளைஞர்களுடன் அண்மையில் கீழடி அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். நடுவே துளையிட்ட சிறு சுடுமண் வில்லை ஒன்றைக் காட்டி, "இது பொம்மை வண்டிச் சக்கரமா, ஃபாதர்?" என்று வினவினான் ஒருவன்.

வினா தவறானதன்று. தனியே கிடைத்தால் அது சக்கரமும் ஆகலாம். பெரிய மணியும் ஆகலாம். ஆனால் அது தக்களியின் வில்லை. துளையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால், வில்லையின் எடை அச்சுழற்சியைச் சற்று நேரம் நிலைநிறுத்தும்; அதற்குள் பஞ்சு முறுக்கேறி நூலாகிவிடும். ஆகவே துளை நட்டநடுவே அமைதல் வேண்டும். விலகினால் தக்களி தள்ளாடும்.

உடன் கிடைத்த பொருள்களும் சான்று பகர்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, தக்களிகளோடு கூரிய எலும்பு முனைகளையும், நூலில் தொங்கவிடும் கற்களையும், செம்பு ஊசியையும் குறிப்பிடுகிறது. எலும்பு முனையைத் தனியே கண்டால் அம்பு முனை என்போம். இவற்றின் நடுவே வைத்துப் பார்க்கையில் அது நெசவுக் கருவி என்பது விளங்கும்.

கருவியை அறிந்தோம், அதைச் சுழற்றிய கை எவருடையது? நற்றிணையின் 353-ஆம் பாடல் விடை தருகிறது. ஆண்துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை அது பேசுகிறது. பிற்காலத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்தார். கதிர் என்பது நூல் நூற்கும் குச்சி. ஏட்டிற்கும் இழைக்கும் 'நூல்' என்னும் ஒரே பெயரை வழங்கும் நம் மொழியில், புலவருக்கு உவமையானவள் பெயரறியாத அந்தப் பெண்ணே.

நற்றிணைச் செய்தியைக் கூறியதும் வினவிய இளைஞன் மௌனமானான். தந்தையை இழந்த அவனை, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடைக்கூடம் ஒன்றில் தையல் வேலை செய்து வளர்த்தவர் அவன் தாய். புறப்படும் வேளையில் அவன் மட்டும் திரும்பிச் சென்று, தாயிடம் காட்டுவதற்காக அவ்வில்லையைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தான்.

அன்பர்களே, மன்னர் பெயர்களைக் கல்வெட்டுகள் காத்துவைத்தன. உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்களுக்கோ இத்தகைய மண்வில்லைகளே எஞ்சியுள்ளன. அவற்றை இன்னவென்று அறிவது, அப்பெண்களுக்கு நாம் செலுத்தத் தவறிய நன்றியின் தொடக்கமாகும்.