தபால் பெட்டிகளில் ஒரு நகரம்

1997 ஜூலை முதல் நாள் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியது. முற்றிலும் சீன நகரமுமல்ல, ஆங்கில நகரமுமல்ல என்றிருந்த அவ்வூருக்குத் தனக்கென ஒரு முகம் உண்டா என்னும் கேள்வி, அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. அக்கேள்விக்குக் கடைத்தெருவும் விடை தேடியது என்பது நம் கவனத்துக்குரியது.

முதல் விடை 1994இல் டேவிட் டாங் தொடங்கிய 'ஷாங்காய் டாங்'. பெடர் தெருவில் திறக்கப்பட்ட அக்கடை, சீன உடைகளைக் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் மறுபடி வார்த்தது. 1949ஐ ஒட்டி ஷாங்காயிலிருந்து இடம்பெயர்ந்த தையற்கலைஞர்களின் மரபு ஹாங்காங்குக்கு உண்டு. ஆகவே அதை வெறும் வேடம் என்று தள்ள இயலாது. எனினும் அது போற்றியது 1930களின் ஷாங்காயை. அதாவது இன்னொரு நகரத்தின் பொற்காலத்தை.

இரண்டாவது விடை 1996இல் வந்தது. கட்டடக்கலை பயின்ற டக்ளஸ் யங், பெஞ்சமின் லாவுடன் இணைந்து 'ஜி.ஓ.டி.' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டினால் ஆங்கிலத்தில் கடவுள். காண்டனீஸ் காதுக்கோ 'இன்னும் நன்றாக வாழ்' என்பதுபோல ஒலிக்கும். இரு மொழிகளும் ஒரே மூச்சில் புழங்கும் ஊரில்தான் இப்படியொரு சிலேடை பிறக்கும்.

அந்த ஊரின் கலப்பு மேற்பூச்சு அன்று. துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் படகுச் சேவையின் மூலவர் தோராப்ஜி நவ்ரோஜி என்னும் பார்சி. 'சா சான் டெங்' எனப்படும் தேநீரகங்களில் தேநீரும் காப்பியும் ஒரே கோப்பையில் கலந்து தரப்படுகின்றன. அப்பானத்துக்கு இணைபிரியா வாத்து ஜோடியின் பெயர்.

ஜி.ஓ.டி. எடுத்துக்கொண்ட படிமங்கள் இந்த அன்றாடத்திலிருந்து வந்தவை. பழைய குடியிருப்புகளின் வாயிலில் வரிசையாகத் தொங்கும் துருவேறிய தபால் பெட்டிகள், யாவ் மா டெய் பகுதிக் கட்டடங்களின் நெரிசலான முகப்புகள் ஆகியவை துணியில் அச்சாகிப் பைகளாகவும் மெத்தையுறைகளாகவும் மாறின. யாரும் அழகென்று எண்ணாதவற்றை அழகென்று காட்டியதே அந்நிறுவனத்தின் சாதனை எனலாம்.

ஆயின் தெருவைக் கடைக்குள் கொண்டுவரும்போது எதைக் கொள்வது, எதை விடுவது? 2007இல் ஒரு குற்றக்குழுவின் பெயரை நினைவூட்டும் எழுத்துகள் கொண்ட சட்டைகளை விற்றதற்காக யங் உள்ளிட்ட பலரைக் காவல்துறை கைது செய்தது. சட்டை நகைச்சுவையாக எண்ணியதைச் சட்டம் அவ்வாறு காணவில்லை. அதே ஆண்டில் காலமான சாங் சூ சோய், 'கவ்லூனின் அரசர்' எனத் தம்மை அழைத்துக்கொண்டு பல்லாண்டுகள் பொதுச் சுவர்களில் தூரிகையால் எழுதியவர். அரசு அவ்வெழுத்துகளைப் பூசி மறைத்துவந்தது. 1997இலோ அவை வில்லியம் டாங்கின் ஆடைகளில் ஏறி மேடை கண்டன. சுவரில் குற்றம், துணியில் கலை.

2006இல் மக்களின் எதிர்ப்பை மீறி மத்திய பகுதியின் ஸ்டார் படகுத்துறை இடிக்கப்பட்டது. 2008இல் அரசித் துறையும் அவ்வழியே போயிற்று. 2009இல் டடெல் தெருவின் ஸ்டார்பக்ஸ் கடைக்குள், ஜி.ஓ.டி.யின் வடிவமைப்பில், பழைய 'பிங் சட்' குளிர்பானக் கடையொன்று மறுபிறவி எடுத்தது. அசல் மறையுமிடத்தில் நகல் விலை பெறுகிறது என்று இதைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அந்த இடிப்புகளை வடிவமைப்பாளர்கள் செய்யவில்லை. தபால் பெட்டி காக்கத் தக்கது என்று ஒரு தலைமுறைக்குக் கண் பழக்கியதில் அவர்களுக்குப் பங்குண்டு. பழகிய கண் கடையோடு நின்றுவிடாமல், எஞ்சியுள்ள கட்டடத்தையும் அதில் குடியிருப்பவரையும் பார்க்குமாயின், அந்த வணிகம் வரலாற்றுக்கும் ஓரளவு கடன் தீர்த்ததாகக் கொள்வோம்.